சாவி பிடித்த கை

என் வலது கைக் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலை செய்தபோது இரும்புக் குழாய் விழுந்து நசுங்கியது. அதற்குப் பிறகு நகம் இரண்டு பாதியாகத்தான் வளர்ந்தது. கை வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நகம் ஒரு சமயம் முறம் அளவுக்குப் பெரிதாகி, ஒரகடம் கூட்டு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி நின்றது. ஒரு பெண்ணின் வேலை போனதற்கு அது ஒரு காரணம்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஓரிடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் உடம்பில் எறும்பு ஊர்வது போலிருக்கும். திருப்பூரில் பனியன் மடித்தேன். லாரியோடு ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். குடகில் காப்பிச் செடிக்கு உரம் வைத்தேன். 2009 வாக்கில் படப்பையில் ஒரு பிளெக்ஸ் கடையில், விளம்பரப் பலகை கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை அப்போது அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். வயல் இருந்த இடத்தில் தொழிற்சாலைச் சுவர், சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் நாங்கள்.

கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது முகம். சட்டத்தில் நிற்பவனுக்கு வெறும் மைப் புள்ளிகள். அப்படியிருந்தும் தினமும் கட்டிக் கட்டிச் சில விஷயங்கள் பிடிபட்டன. சிமென்ட், இரும்புக் கம்பி என்றால் ஆண் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்ப்பான். மசாலாத் தூள், சோப்பு என்றால் பெண், அவள் பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரிப்பாள். மோட்டார் சைக்கிளில் அவள் பின்னால்தான். நகைக் கடைக்கு மட்டும் தனியாக வருவாள், அங்கேயும் வாங்கித் தந்த அப்பாவைப் பற்றியோ புருஷனைப் பற்றியோ ஒரு வரி இருக்கும்.

அந்தப் பலகைகளின் காலடியில்தான் கம்பெனி பஸ்கள் நிற்கும். மேலே ஒருத்தி வாசலில் நின்று புருஷனின் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டிருப்பாள். கீழே ஷிப்ட் முடிந்த பெண்கள் தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ரோட்டைக் கடப்பார்கள். திருநெல்வேலி, சிவகங்கை, ராமநாதபுரத்துப் பெண்கள். சட்டத்தின் காலிலேயே 'பெண்கள் மட்டும் தேவை, பொறுமை அவசியம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அவர்களில் ஒருத்தியைக்கூட நான் மேலே கட்டியதில்லை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பிளெக்ஸை இழுத்துக் கட்டிவிட்டால், காற்று அதைப் படகுப் பாய் போலப் பிடித்துச் சட்டத்தோடு சாய்த்துவிடும். அதனால் கட்டி முடித்ததும் பிளேடால் அங்கங்கே பிறை வடிவில் கீறிவிடுவோம், காற்று அதன் வழியே போய்விடும். எங்கே கீறுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போன் நம்பரில் கூடாது, முதலாளி முகத்தில் கூடாது, படத்தில் உள்ள ஆணின் சட்டையில் பட்டாலும் திட்டு விழும். சேலைதான் அகலமாக, எழுத்தில்லாமல் கிடக்கும். என்னோடு வேலை செய்த கூட்டாளி வடக்குப்பட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கத்துவார்: "சேலைல போட்றா!" நானும் சேலையில் போடுவேன். எத்தனை சேலைகளைக் கீறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் கடைக்கு அடிக்கடி வேலை கொடுத்தவர் அந்தப் பக்கத்து நிலக்காரர். நிலத்தில் பாதியை விற்று, பெண்கள் தங்கும் விடுதி ஒன்று கட்டியிருந்தார். மீதியை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். விடுதிக்கு ஒரு பலகை வேண்டும் என்று வந்தார். கடையில் கம்ப்யூட்டரில் படம் அமைக்கும் டிசைனர், மணிமங்கலத்துப் பையன், நெட்டிலிருந்து எடுத்த ஒரு பெண்ணைக் காட்டினான்.

"இன்னாப்பா இது, வெள்ளக்காரிய போட்டு வச்சிகிறே? நம்ம பொண்ணு மாரி வேணும். பாத்தா பெத்தவனுக்கு நம்பிக்க வரணும்" என்றார் விடுதி முதலாளி.

விடுதி வாசலில் துணிப் பதாகை கட்டப் போனபோதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கம்பெனியில், சர்க்யூட் போர்டு சோதிக்கும் லைனில் வேலை. இருபத்தொரு வயது இருக்கும். நான்தான் போய்க் கேட்டேன். பதிலுக்கு ஜன்னலோரக் கட்டில் தருவதாக முதலாளி சொல்லச் சொன்னார். அவள் யோசித்தாள்.

"போட்டோல நான் என்ன செய்யணும்ணே?"

"சும்மா சிரிச்சுக்கிட்டு நில்லும்மா."

"சும்மால்லாம் சிரிப்பு வராதுண்ணே. இந்தச் சாவிய வச்சிக்கிடுதேன்."

அறைச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினாள். ஆறு பேர் தங்கும் அறைக்கு ஒரே சாவி, அது அவளிடம் இருந்தது. "எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாது. எந்நேரமும் யாராவது இருப்பாக. ஒரு கதவ நானே பூட்டி நானே தெறக்கது இங்க வந்துதான்" என்றாள்.

டிசைனர் விடுதி வாசலில் படம் எடுத்தான். சுடிதார், மேலே கம்பெனிக் கோட்டு, வலது கையைத் தூக்கிச் சாவியைக் காட்டிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பலகையை விடுதி மேலேயே கட்டினோம். நன்றாக இருந்தது. ஷிப்டுக்குப் போகும்போது தோழிகள் அவளைப் பார்த்து, "ஏ நடிகை, வழிவிடு" என்று கேலி செய்வார்கள். கோட்டு போட்ட ஒருத்தியைக் கட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. சேலை இல்லாததால் எங்கே கீறுவது என்று தெரியாமல் நானும் கூட்டாளியும் விழித்தோம். கடைசியில் வானத்தில் கீறினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் டிசைனர் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்த கைய கொஞ்சம் காட்டு. இந்தச் சாவிய புட்ச்சிகினு நில்லு."

"எதுக்குப்பா?"

"ஒரு வேல கீது. நகம் இன்னா பூனை கடிச்ச மாரி கீது? பரவால்ல, தூரத்துக்குத் தெரியாது."

காட்டினேன். எதற்கென்று இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அடுத்த வாரம் மனைப் பிரிவு விளம்பரம் வந்து இறங்கியது. நாற்பதுக்கு இருபது அடி. சாலையோரத்தில் விரித்தபோது முதலில் ஆண் முகம் வந்தது, நெட்டில் எடுத்தது. அடுத்தது அவள். கோட்டும் சுடிதாரும் போய்ப் பட்டுச் சேலை. தலை நிறையப் பூ. கேமராவைப் பார்த்த முகத்தைச் சாய்த்து, கண் அந்த ஆணைப் பார்ப்பதுபோல் செய்திருந்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு, புதுசாக, தடியாக. தூக்கியிருந்த கையில் சாவி இல்லை, ஒரு காப்பி டம்ளர் இருந்தது. சாவி அந்த ஆளிடம் போயிருந்தது. அதைப் பிடித்திருந்த கட்டைவிரலில் நகம் பிளந்திருந்தது.

கூட்டாளிதான் முதலில் கண்டுபிடித்தார். கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "டேய், உனக்குக் கண்ணாலம் ஆயிட்ச்சுடா! ஒரு வார்த்த சொல்லாம கட்டிகினியே மாப்ள!"

நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. அவளிடம் கேட்டார்களா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டிருக்க மாட்டார்கள் என்றும் தெரிந்தது. ஆனாலும் ஏறிக் கட்டினேன். "சேலைல போட்றா!" என்றார். அவள் சேலையில் மூன்று பிறை கீறிவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு 'மாப்ள' என்று பெயராயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தாள், கோட்டு கையில் தொங்கியது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிப்போட்டீக?"

"அது நான் பண்ணலம்மா. கம்ப்யூட்டர்ல..."

"கட்டுனது நீங்கதான?"

"ஆமா."

"எங்க ஊர்க்காரரு ஒருத்தரு லாரியில போகும்போது பாத்துட்டு, ஒம் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சுன்னு எங்கய்யாகிட்டக் கேட்டுருக்காரு. ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வாரான்."

"விளம்பரம்னு சொல்லிடும்மா."

"சொன்னேன். வெளம்பரத்துக்குத் தாலி கட்டுவாகளான்னு கேக்காக."

அவள் அழவில்லை, வேகமாகப் பேசினாள். வீட்டில் மாமன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், சாக்குக் கிடைத்தால் கூட்டிப் போய்விடுவார்கள். கம்பெனியில் இரண்டு வருஷப் பயிற்சி முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. விடுப்பு எடுக்காமல் முடித்தால் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"மூணே மாசம்ணே. அந்தப் போர்ட எறக்குங்க. இல்லைன்னா நீங்களே எங்கண்ணங்கிட்ட வந்து, இது மிசின்ல போட்ட தாலின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது. ஆம்பள சொன்னாக் கேப்பான்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே போய் டிசைனரிடம் கேட்டேன்.

"தாலி இல்லாம ஒரு பொண்ண ஆம்பள பக்கத்துல நிக்க வச்சா ஆஸ்டல் ஓனரு கம்ப்யூட்டர ஒடச்சிடுவாரு" என்றான். "குடும்பம்னு தெரியணும்ல?"

"சாவிய ஏம்ப்பா மாத்துன?"

"அதுவும் ஓனருதான். பொம்பள கையில சாவி இருந்தா, வூட்ட வாங்குனது யாருன்னு பாக்கறவன் கொழம்பிடுவானாம். வாங்கறது ஆம்பள. அவ சந்தோஷப்படணும், அவ்ளோதான்."

"அதுக்கு எதுக்குக் காப்பி?"

"கை மூடிகினு இருந்துச்சேண்ணே. சாவிய எடுத்துட்டுப் பாத்தா, எவனையோ குத்த வர மாரி இருந்துச்சு. இன்னாத்தையாவது குடுக்கணும்ல."

கெட்ட பையன் இல்லை. அவனுக்கு அது ஒரு வேலை, எனக்குப் போலவே.

முதலாளியை அவர் மனைப் பிரிவிலேயே போய்ப் பார்த்தேன். கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார்.

"நான் இன்னா அவள அசிங்கமாவா காட்டிகிறேன்? மகாலட்சுமி மாரி காட்டிகிறேன். தாலி இன்னா அசிங்கமா? நீயே சொல்லு."

"அவங்க வீட்ல..."

"போன் வந்துகினே கீதுப்பா. ஒரு மாசம் இருக்கட்டும். என் ஆஸ்டல்ல தங்கிகினு எனக்கே நாயம் சொல்றாளா? புடிக்கலன்னா பொட்டிய கட்டச் சொல்லு."

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் கேட்ட இரண்டில் இரண்டாவது, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்வது, சுலபமானது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றிருந்தால் போதும். ஆனால் பேச்சு வந்தால் அந்தக் கை யாருடையது என்ற பேச்சும் வரும். ஊர் பேர் தெரியாத, ஒரு இடத்தில் நிலைக்காத ஆள் நான். எனக்கு அடி வாங்கிப் பழக்கம் உண்டு, வாங்கப் போய் நிற்க மனசில்லை. அதனால் பலகைப் பக்கம் போனேன்.

சனிக்கிழமை காலை கூட்டாளி வரவில்லை. தனியாக ஏறினேன். அவ்வளவு பெரிய பிளெக்ஸைத் தனியாளாக இறக்க முடியாது, அவிழ்த்துவிட்டால் ரோட்டில் போகும் பஸ்மேல் விழும். பிளேடு மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவனுக்கு அவள்தான் அது என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. முகத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுத்தேன். நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கதவு அளவுக்கு இருந்தது. சுருட்டிச் சட்டத்துக்குப் பின்னால் சொருகினேன். கீழே கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள்.

இறங்கிவந்து பார்த்தேன். ஆண் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பூ வைத்த தலைமுடி, நடுவில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே மஞ்சள் கயிறு, காப்பி டம்ளர். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். காற்றில் கிழிந்தது என்று கடையில் சொன்னேன், நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. நான் டீக்கடைக்கு வரும்போது அவர் பலகையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீக்கடைக்கு வந்து, அந்தப் படத்தில் முகத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்டார். அவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. என் கூட்டாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது.

"பொண்ணு மூஞ்சி போச்சு சார். ஆனா மாப்ள கை பத்திரமா கீது. அதோ வராரு பாருங்க மாப்ள!"

பெஞ்சே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"கையக் காட்டும்."

வலது கையை மறைத்திருக்கலாம். காட்டிவிட்டேன். பிடித்து நகத்தைப் பார்த்தார், அண்ணாந்து பலகையைப் பார்த்தார், மறுபடி நகத்தைப் பார்த்தார்.

"அது மிசின்ல போட்ட தாலிங்க" என்றேன். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே போய்ச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

"கை?"

"கை என்னுதுதாங்க. ஆனா..."

"மூஞ்சிய வெட்டுனதும் நீருதானா?"

தலையை ஆட்டினேன்.

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்குய்யா வெட்டணும்?"

அவர் என்னை அடிக்கவில்லை. கையை விட்டுவிட்டுத் தன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் சிரிப்பு நின்றிருந்தது. கூட்டாளிக்கு அப்போதுதான் புரிந்தது. "சார், நான் சும்மா தமாசுக்கு..." என்று எழுந்தார். அண்ணன் விடுதிப் பக்கம் நடந்துவிட்டிருந்தார்.

மதியத்துக்குள் அவள் பையோடு வெளியே வந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். வாசலில் தோழி ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோவை நிறுத்த அண்ணன் ரோட்டுக்குப் போனபோது, என் பக்கம் பார்த்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் கேட்டாள்.

"மூஞ்சிய ஏண்ணே வெட்டுனீக? அந்தக் கயித்த வெட்டிருக்கலாம்லா."

ஆட்டோ வந்தது. ஏறிப் போனார்கள். மூன்று மாதம் பாக்கியிருந்தது.

அவள் சொன்னது சரிதான். சட்டத்தில் நின்றபோது கயிறும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கையே எட்டும் தூரத்தில் இருந்தது, வெட்டி எடுத்திருந்தால் மாப்பிள்ளைக்கு மணிக்கட்டோடு முடிந்திருக்கும். இரண்டும் எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய துணியில் எடுத்தெறிய வேண்டியது அவள் முகம் மட்டும்தான் என்று எப்படி எனக்குப் பட்டது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சேலையில் போட்டுப் போட்டுப் பழகிய கை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மைதான்.

மாமன் மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று அவள் தோழி பிறகு சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முதலாளி புதுசாக ஒரு பிளெக்ஸ் அடித்தார். பெண்ணாக நெட்டிலிருந்து ஒரு வடநாட்டுக்காரி, அதே சேலை, அதே கயிறு, அதே டம்ளர். என் கை மட்டும் அப்படியே இருந்தது. டிசைனர் அதைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தான். அடுத்த இரண்டு வருஷத்தில் அது மோட்டார் சைக்கிள் சாவி பிடித்தது, பத்திரம் பிடித்தது, மறைமலை நகர் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனிக்காகச் செங்கல்கூடப் பிடித்தது. நகத்தை ஒட்டவைத்துச் சரி செய்துவிட்டதாகச் சொன்னான். கூட்டாளி அதற்குப் பிறகு என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை. "சேலைல போட்றா" என்பதை மட்டும் விடவில்லை. நானும் போட்டேன்.

கிழிந்த பழைய பிளெக்ஸை யாரும் எறிய மாட்டார்கள், கூரைக்கும் மறைப்புக்கும் ஆகும். முகம் போன அந்தப் பிளெக்ஸில் ஒரு பகுதியை வெட்டி, கூட்டாளி வடக்குப்பட்டில் நான் வாடகைக்கு இருந்த லைன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெண்கள் அதை நாலு கம்பு நட்டுக் குளிக்க மறைப்பாகக் கட்டினார்கள். முகம் இருந்த ஓட்டையில் ஒருத்தி தன் பழைய கம்பெனிக் கோட்டை வைத்துத் தைத்தாள். முதலில் படம் உள்பக்கமாக இருந்தது. இரண்டு நாளில் அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் திருப்புறீங்க?" என்று கேட்டேன்.

"ஆம்பள கை மொறைச்சிகினு இருந்தா எப்டிண்ணே குளிக்கிறது?" என்றாள் பக்கத்து அறைக்காரி, பல்லில் கட்டுக்கம்பியைக் கடித்தபடி. "தடியன் கை. நகத்தப் பாரு, ரெண்டா கீது. எவன் கையோ."

"எவன் கையோ" என்றேன்.

கம்பியை முறுக்க அவளுக்குக் குறடு வேண்டியிருந்தது. இடது கையால் எடுத்துக் கொடுத்தேன்.